தேயிலைப் பெட்டிச் சுவர்

கொட்டகலை,
தாது வருஷம், ஐப்பசி 9.

அன்புள்ள மனோரஞ்சிதத்துக்கு,

இங்கே நானும் அக்காவும் நலம். முசிறியில் நீயும் பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும்.

மாமாவின் கடிதம் திங்கட்கிழமை வந்தது. பிள்ளைக்குத் தலை நிற்கிறதாம். ஐந்தாம் மாதம் உங்களைக் கொண்டுவந்து விடுவதுதான் முறை. ஆனால் நீ, "பிள்ளைய அந்த ரயில் வீட்டுக்குத் தூக்கிக்கிட்டுப் போகமாட்டேன்" என்று சொல்லிவிட்டாயாம். உன்னை வற்புறுத்தத் தனக்கு மனமில்லை என்று எழுதியிருந்தார். கோபம் வரவில்லை. வருத்தம் வந்ததா என்றும் தெரியவில்லை. மடித்து வைத்துவிட்டுப் பருப்பு நிறுக்கப் போனேன்.

மழை விடவில்லை. கடை நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்து ஆட்கள் வருகிறார்கள், கருவாடும் சேலையும் வாங்குகிறார்கள். அக்கா சமைக்கிறாள். சாப்பிடுகிறேன்.

கடையை விட்டு வேறு வீடு போக முடியாது என்பது உனக்குத் தெரியும். கடைக்குப் பின்னால் அறை, அறைக்குப் பின்னால் தண்டவாளம். சன்னலையாவது மாற்றலாம் என்று தோன்றியது. அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் சன்னலைப் பலகை வைத்து அடைத்தேன். அதன்மேல் கடைச் சாக்குகளை மடித்து ஆணியடித்தேன். சத்தம் குறைந்தது. அக்கா வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு, "ரயிலு வெளியதானடா போகுது, கருவாடு உள்ள வந்து குடியிருக்கு" என்றாள். கருவாட்டுச் சாக்குகள். நான் கவனிக்கவில்லை. அவள் சொன்ன பிறகு முகர்ந்து பார்த்தேன். அப்போதும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

அன்று குளிருக்கு உள்ளே கரிச்சட்டி வைத்துப் படுத்தாள். காலையில் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. தலை கனம், வாந்தி. டிஸ்பென்சரி ஐயா வந்து கதவைத் திறந்து போடச் சொன்னார். "நெருப்பு வைக்கிற அறையில காத்து வந்து போகணும் தம்பி. பச்சப்புள்ள வரப்போற வீடுன்னு சொல்றீங்க" என்றார். பலகையைப் பிடுங்கினேன். காற்று வந்தது. கூடவே ரயிலும் வந்தது.

அக்காவுக்கு இப்போது ஒன்றுமில்லை. பயப்படாதே.

வழி கடையிலேயே கிடைத்தது. பின்கட்டில் பழைய தேயிலைப் பெட்டிகளை அடுக்கி வைப்போமே, அங்கேதான். நீ போன பிறகு கடைக்கு ஓர் ஆள் சேர்த்தேன், பொன்னையா. அவன் பெட்டிகளை வரிசை பார்க்காமல், ஒன்றுக்குப் பின்னால் ஒன்று விலகலாக அடுக்கியிருந்தான். திட்டுவதற்காகப் போனேன். அப்போது சரக்கு வண்டி மலை ஏறிக்கொண்டிருந்தது. பெட்டிகளுக்குப் பின்னால் நின்றபோது அது எங்கோ தூரத்தில் போவதுபோல் இருந்தது. ஆனால் காலில் குளிர்காற்று பட்டது. காற்று வளைந்து வளைந்து வந்துவிட்டது. சத்தம் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. திட்டாமல் திரும்பினேன்.

சன்னலுக்கு உட்புறம், ஒரு முழம் தள்ளி, தேயிலைப் பெட்டிகளால் கூரைவரை சுவர் எழுப்பினோம். அதற்குப் பின்னால் இன்னொரு சுவர். முன்சுவரில் காற்றுக்கு இடது ஓரம் வழி. பின்சுவரில் வலது ஓரம். வெறும் பெட்டிகள் மேளம்போல் அதிர்ந்தன. எல்லாவற்றிலும் தேங்காய் நார் திணித்தோம். சன்னல் இப்போது எப்போதும் திறந்தே இருக்கிறது. அறை சிறுத்துவிட்டது. தொட்டில் கொக்கி பழைய இடத்தில்தான் இருக்கிறது. வேறு இடத்தில் மாட்ட வேண்டுமென்றால் எழுது.

நம் மகள் சண்முகவடிவின் பெயரை இதுவரை எந்தக் கடிதத்திலும் நான் எழுதவில்லை. நீயும் எழுதவில்லை. மார்ச்சளியில்தான் குழந்தை போனாள், சத்தத்தால் இல்லை என்று டிஸ்பென்சரி ஐயா அன்றைக்கே சொன்னார். அது உனக்கும் தெரியும். ஆனால் அந்தக் காலையில் சரக்கு வண்டி ஏறியது. முன்னால் ஓர் எஞ்சின், பின்னால் தள்ளுவதற்கு ஓர் எஞ்சின். நீ அவள் வாயருகே காதை வைத்திருந்தாய். "ஒண்ணுமே கேக்கலங்க" என்றாய். வண்டி போகட்டும் என்றேன். வண்டி போனது. அதற்குப் பிறகும் கேட்கவில்லை.

ஆகவே சுவரை வேறு எப்படிச் சோதிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நேற்று மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு பொன்னையாவை அந்த அறையில் படுக்கச் சொன்னேன். படுத்ததும் தூங்கிவிட்டான். சரக்கு வண்டி வந்ததும் அவன் முகத்தருகே குனிந்தேன். முதல் எஞ்சின் போனது. பிறகு அந்த நீளமான இரைச்சல். பிறகு பின் எஞ்சின். தரை அதிர்ந்தது. அதை என்னால் நிறுத்த முடியவில்லை. ஆனால் அவன் மூச்சு கேட்டது. உள்ளே போவதும் வெளியே வருவதும். ஒன்றுகூட விடுபடவில்லை.

அவன் கண்ணைத் திறந்து, "என்னா மொதலாளி, செத்துட்டேனான்னு பாக்குறீங்களா?" என்று சிரித்தான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. வாசலில் நின்ற அக்கா அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் "ஆமா" என்றேன்.

நீ வருவதானாலும் இந்தத் தண்டவாளத்தில்தான் வர வேண்டும். கப்பலை விட்டு இறங்கினால் வேறு பாதை இல்லை. மாமாவிடம் சொல்லி உன்னை அனுப்பச் சொல்லப் போவதில்லை. உன்னிடமே கேட்கிறேன். ஒரு தடவை வந்து, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, சரக்கு வண்டி ஒன்று போய் முடியும்வரை அந்த அறையில் உட்கார்ந்து பார். அவன் மூச்சு உனக்குக் கேட்காவிட்டால், அடுத்த வண்டியில் நானே உங்களை முசிறிக்குக் கொண்டுபோய் விடுகிறேன். பிறகு கேட்க மாட்டேன்.

பிள்ளையின் முகம் எனக்குத் தெரியாது. தூங்கும்போது அவன் மூச்சு எப்படி இருக்கும் என்று எழுது. என் காதைப் பழக்கிக்கொள்கிறேன். அந்த மூச்சு நீண்டு இருக்கட்டும்.

உன்,
வடிவேல்