கைத்தழும்பும் கண்ணாடித் தோலும்

14.05.2015, வியாழன்
உடப்பு

தழலின் நடுவே தண்ணென நிற்கும் தாயே! இவ்வேட்டில் பொய் புகாது காத்தருள்வாய்.

மருமகள் சுஜீவா இன்றும் புத்தளம் பஸ்ஸில் போய்வந்தாள். கிளினிக் என்றாள், என்ன நோய் என்று சொல்லவில்லை. மாமனார் கேட்கத் தகாததோ என்று நானும் கேட்கவில்லை. ஆனால், இந்த வெயிலில் மணிக்கட்டு வரை நீண்ட சட்டை எதற்கு? மாலையில் தேநீரை இடக்கையால் நீட்டினாள். மகன் டிலக்சன் கட்டார் நாட்டில் இருக்கையில், வீட்டில் மரியாதை இப்படி மாறுகிறதா?

02.06.2015

அவள் ஒரு களிம்பைப் பூசுவதைக் கண்டேன். சென்ற ஆண்டுத் திருவிழாவில், டிலக்சனின் வேலை நிலைக்க வேண்டி அம்மனுக்குத் தீச்சட்டி ஏந்தினாள். தணல் சரிந்து வலக்கையைச் சுட்டது. இப்போது மணிக்கட்டிலிருந்து மேலே கயிறு போலத் தடித்த தழும்பு. அதைத்தான் மறைய வைக்கப் பார்க்கிறாள்.

விரதம் பிழைத்தவரையே தீ சுடும் என்பது இவ்வூர் நம்பிக்கை. நான் அதை வாயால் சொன்னதில்லை. மனத்தால்? கற்புடையாளைக் கனல் தீண்டாது என்று கோயிலில் ஆண்டுதோறும் பாடுபவன் நானல்லவா!

தங்கை சரோஜாதேவி வேலியோரம் வந்து, "அம்மன் போட்ட அடையாளத்தையே அழிக்கப் பாக்கிறாள் அண்ணே. வேற என்னத்தை அழிச்சு வைச்சிருக்கிறாளோ" என்றாள். நான் ஆமோதிக்கவில்லை. மறுக்கவும் இல்லை.

18.06.2015

கதவைச் சாத்திக்கொண்டு போனில் சிரிக்கிறாள். மகனோடுதானா?

25.07.2015

கோயிலில் காப்புக் கட்டியாயிற்று. தோணிகள் கரையேறிவிட்டன. வீடு கழுவி, மீன் சமைக்கும் மச்சச் சட்டிகளைப் புறம்பாக்கி வைத்தோம். இனித் தீமிதிப்பு முடியும்வரை மீன்வாடை இவ்வாசலைத் தாண்டக் கூடாது.

28.07.2015

கிணற்றடியில் ஒரு பீங்கான் கோப்பைக்குள் ஏதோ ஒரு மீனின் தோல்! கண்ணாடி போல, வழுவழுப்பாக, விரலளவு அகலம். காப்புக் கட்டிய வீட்டில்! ஈர்க்கால் தூக்கிக் கடலில் எறிந்தேன். முற்றமெங்கும் மஞ்சள்நீர் தெளித்தேன்.

மாலையில் அவள் கிணற்றடியைச் சுற்றிச் சுற்றித் தேடினாள். என்னவென்று கேட்டதற்கு, ஒன்றுமில்லை என்றாள். ஒன்றுமில்லாததை யார் தேடுவார்?

30.07.2015

இன்று நேரே கேட்டேன்: விரத வீட்டுக்குள் மச்சம் எப்படி வந்தது?

அவள் சட்டைக் கையைச் சுருட்டினாள். "மச்சமில்லை மாமா. தழும்பிலை ஒட்டுற சிலிக்கன் துண்டு. கழுவிக் கழுவி ஒட்டுறது. அவர்தான் அனுப்பினவர்."

குனிந்து அந்தத் தழும்பைப் பார்த்தேன்.

"இது முழுக்கப் போகாதாம் மாமா. தட்டையாகுமாம், கடி சொறிச்சல் குறையுமாம். அவ்வளவே எனக்குக் காணும். எல்லாரும் என்ர விரதத்தை இந்தக் கையிலைதானே பாக்கினம். நீங்களும்தான்."

அப்போதும் என் ஐயம் அடங்கவில்லை. டிலக்சனுக்குப் போன் எடுத்தேன். மீன்தோல் என்று எறிந்தேன் என்றதும் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தி, அவள் மறைக்கவில்லை, உங்களுக்குப் பயந்தாள் என்றான்.

எனக்கா பயந்தாள்?

06.08.2015

துணைக்கு என்று சொல்லிக் கிளினிக்குக்குப் போனேன். வேவு பார்க்கத்தான் போனேன் என்பதை இங்கே எழுதாவிட்டால் இவ்வேட்டின் முதல் வரி பொய்யாகும்.

தாதி ஜுனைதா புதுத்துண்டு தந்தாள். பகலும் இரவும் ஒட்டியிருக்க வேண்டும்; தினமும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, துணியால் துடைக்காமல் நிழலில் உலர்த்த வேண்டும்; வெயில் பட்டால் தழும்பு கறுக்கும், ஆகவே நீளச் சட்டை. காயம் ஆறியவுடனேயே வந்திருக்கலாமே என்று கடிந்தாள். ஊர்க் கதைக்கு அஞ்சி இருந்ததாக மருமகள் மெல்லச் சொன்னாள்.

தாதி அவளை மேசையில் கையூன்றச் சொன்னாள். மணிக்கட்டு மடங்கவில்லை. தழும்பு இழுத்துப் பிடித்திருக்கிறது. "பெருவிரலால அமத்தி உருவணும் வாப்பா. இல்லாட்டி இந்தக் கையால கோப்பைகூடப் புடிக்க ஏலாமப் போயிரும்" என்று என்னிடம் சொன்னாள்.

இடக்கையில் வந்த தேநீர்.

12.08.2015

தீமிதிப்பு நிறைவேறியது. பாடும்போது, கனல் தீண்டாது என்ற வரியில் என் குரல் நின்றுவிட்டது. பின்பாட்டுக்காரர் எடுத்துக் கொடுத்தார். தீயிற் புகுந்தவளிடம் கற்புக்குச் சான்று கேட்டது யார் என்று இத்தனை ஆண்டுகள் நான் நின்று எண்ணிப் பார்த்ததில்லை. சபையோர் எனக்குத் தொண்டை கட்டியதாக எண்ணியிருப்பர்.

சுஜீவா இம்முறை சட்டி ஏந்தவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு, நான் வேண்டாம் என்றேன் என்று சொன்னேன். அதுவே மெய்.

20.08.2015

கழுவிய துண்டைத் தாழ்வாரத்தில் கோப்பைமேல் விரித்துவிட்டு அவள் சமையலுக்குப் போனாள். காகம் ஒன்று இறங்கிப் பார்த்தது. அதற்கும் என் போலவே மீன்தோல் என்ற எண்ணம் போலும். கதிரையைப் போட்டு, கைத்தடியோடு பக்கத்தில் அமர்ந்தேன்.

சரோஜாதேவி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன அண்ணே, கருவாடு காக்கிறீங்களா?" என்றாள்.

தெருவில் போனவர்களும் கேட்கும்படியாகச் சொன்னேன்: "இல்லை. என் மருமகளின் மருந்து."

துண்டு உலரும்வரை இருந்தேன்.

இவ்வேட்டைப் பின்னாளில் விரிப்பவர் எவராயினும், அவர் கையும் மனையும் நோவின்றி இருக்க. அவர் வீட்டுப் பெண்கள் அஞ்சாது வாழ்க.