கடைசிப் பந்தியில் இருத்தப்பட்ட ஆய்வேடு

அனுப்புநர்:
கலாநிதி மங்கையற்கரசி குணசேகரம்,
முழுநேர விரிவுரையாளர், புள்ளிவிபரவியல் துறை,
லிண்டன்பாக் பல்கலைக்கழகம், ஜேர்மனி.

பெறுநர்:
கலாநிதி நிலக்ஷன் புவனேந்திரன் அவர்கள்,
தலைவர், பரீட்சை மேன்முறையீட்டுக் குழு,
மேற்படி பல்கலைக்கழகம்.

விடயம்: அளவுக்கு மிஞ்சிய கற்பித்தல் கடமையும் அதனால் மாணவி செல்வி யதுசா கனகலிங்கத்துக்கு என்னால் நேர்ந்த அநீதியும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முறைப்படி ஜேர்மன் மொழியில் எழுதிய மனு இத்துடன் உள்ளது. குழுவின் கோவையில் வைக்க அது போதும். ஆனால் அதில் எல்லாமே பணிமிகுதி என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிப்போய், நான் பெரிய யோக்கியவதி போலத் தெரிகிறேன். அது உண்மையல்ல என்பதால் இதையும் எழுதுகிறேன். தாங்கள் தமிழர் என்பதற்காக எந்தச் சலுகையும் கேட்கவில்லை.

2. எனது வாராந்தக் கற்பித்தல் கடமை பதினாறு மணித்தியாலங்கள். வகுப்பில் நின்று படிப்பிக்கும் நேரம் மட்டுமே அதில் சேரும். பாடம் தயாரிப்பதும், விடைத்தாள் திருத்துவதும், ஆய்வேடுகளை மேற்பார்வை செய்வதும் யார் கணக்கிலும் ஏறுவதில்லை. கடந்த பருவத்தில் சக விரிவுரையாளர் ஒருவர் நோய் விடுப்பில் போக, அவருடைய பாடங்களும் என் தலையில் விழுந்தன. துறைத்தலைவர் கேட்டபோது ஏலாது என்று சொல்லியிருக்கலாம். அகதி வீட்டில் வளர்ந்து இந்த உத்தியோகத்துக்கு வந்தவளுக்கு, ஒருமுறை மறுத்தால் இருக்கிற கதிரையையும் இழுத்துவிடுவார்கள் என்ற பயம் இன்னும் விட்டபாடில்லை. ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

3. செல்வி யதுசா, வேறொருவரின் மேற்பார்வையில் எழுதிய இளமாணிப் பட்டத்துக்கான ஆய்வேட்டில் ஒருமுறை தவறியவள். இரண்டாம் முறையும் தவறினால் இந்தப் படிப்பை இந்நாட்டில் வேறெங்கும் தொடர முடியாது என்பது தாங்கள் அறிந்ததே. அதனால்தான் என்னிடம் வந்தாள். தன் ஆய்வேட்டின் முதல் வரைபையும் மற்ற மாணவர் எல்லோருக்கும் முன்னதாகவே தந்தாள்.

4. நானோ மற்ற எல்லோருடைய வரைபையும் வாசித்தேன், அவளுடையதைத் தவிர. எங்கள் கலியாண வீடுகளில் வந்தவர்கள் முதலில் சாப்பிடுவார்கள், வீட்டுப் பிள்ளைகள் கடைசிப் பந்தியில்தான் இருப்பார்கள். அதே புத்தியில், எங்கட பிள்ளைதானே, பொறுத்துக்கொள்ளும் என்று அவளைப் பின்னுக்கு வைத்தேன். தமிழ்ப் பிள்ளைக்கு முதலிடம் கொடுக்கிறாள் என்று துறையில் யாரும் வாய் திறந்துவிடக் கூடாது என்ற எண்ணமும் இருந்தது. சந்திப்பு நேரத்தில் வந்தவள் என் அறை வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை அக்கா, நீங்கள் ஆறுதலாப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எனக்கு அது வசதியாகப் போயிற்று. ஒப்படைக்கும் நாள் நெருங்கியபோதும் எனக்கு நேரம் கிடைக்கவில்லை. ஒரு பக்கமும் வாசிக்காமல், "நல்லாயிருக்கு, ஒப்படையுங்கோ" என்று அவளுக்குப் பதில் அனுப்பினேன்.

5. பிழையை இரண்டாம் பரீட்சகர் கண்டுபிடித்தார். ஒரே நோயாளிகளைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் அளந்த தரவுகளை, அவள் வெவ்வேறு ஆட்களின் தரவுகளாக வைத்துக் கணக்கிட்டிருந்தாள். அதன்மேல் கட்டிய முடிவுகள் எல்லாமே சரிந்தன. வரைபை ஒருமுறை புரட்டியிருந்தால் என் கண்ணில் பட்டிருக்கும், அவளும் ஒரு கிழமையில் திருத்தியிருப்பாள். தோல்வி என்ற முடிவின் கீழ் முதற் பரீட்சகராகக் கையெழுத்து வைத்தவளும் நானே. சீ, இதைவிடக் கேவலம் என்ன இருக்கிறது ஐயா?

6. மேன்முறையீட்டுக்கு இம்மாத இறுதிவரை அவகாசம் உண்டு. யதுசா அதைச் செய்ய மறுக்கிறாள். மேற்பார்வையில் நேர்ந்த குறையை அதில் எழுத வேண்டும், அக்காவுக்கு எதிராக எழுத மாட்டேன் என்கிறாள். வீட்டிலும் தன்னுடைய கவலையீனத்தால் வந்த பிழை என்றே சொல்லியிருக்கிறாள். சென்ற வெள்ளிக்கிழமை கோயிலில் அவளுடைய தாயார் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "குறை நினைக்காதேங்கோ ரீச்சர். நீங்கள் இவ்வளவு பாடுபட்டும் இவள் உங்கட பேரைக் கெடுத்துப்போட்டாள்" என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார். யதுசா பக்கத்தில் நிலத்தைப் பார்த்தபடி நின்றாள். நான் திருநீற்றைப் பூசிக்கொண்டு காருக்குப் போய்விட்டேன். அன்றிலிருந்து கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.

7. ஆகவே, யதுசாவின் இறுதித் தோல்வியை நீக்கி, வேறொரு மேற்பார்வையாளரின் கீழ் ஆய்வேட்டைத் திருத்தி ஒப்படைக்க அனுமதிக்குமாறு தங்களை இரந்து கேட்கிறேன். நான் அனுப்பிய பொய்ப் பதிலின் பிரதியை இணைத்துள்ளேன். என்மீது எந்த விசாரணை வைத்தாலும் கட்டுப்படுவேன். ஆய்வேடு வாசிக்கும் நேரமும் கடமை நேரமாகக் கணக்கிடப்பட வேண்டும் என்ற என் முறைப்பாடும் உண்மையானதே. இல்லாவிட்டால் நாளைக்கு என்னைவிட நல்லவர் ஒருவரும் வாசிக்காமலே நல்லாயிருக்கு என்று எழுதுவார். ஆனால் அதை யதுசாவின் விடயம் முடிந்த பிறகு எடுத்துக்கொள்ளுங்கள். இந்தமுறை கடைசிப் பந்தியில் நான் இருக்கிறேன்.

8. இதைத் தமிழில் எழுதியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இதன் பிரதியொன்றை யதுசாவின் தாயாருக்கும் இன்றே அனுப்புகிறேன். ஜேர்மன் மனு என்றால் மகள்தான் வாசித்துச் சொல்ல வேண்டும். அவள் என்னைக் காப்பாற்றியே வாசிப்பாள். இதை அந்த அம்மாவே வாசிப்பார்.

தங்கள் முடிவுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) மங்கையற்கரசி குணசேகரம்

இடம்: டுசல்டோர்ஃப்
திகதி: 11.03.2025