பத்தாயிரம் துகள்கள்

லா செரேனா
3 மே 2016

திரு. ஒஸ்வால்தோ அவர்களுக்கு,

நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். மிரேயா அக்கா நலமாக இல்லை. லாஸ் சாஞ்யாரேஸில், அவள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து அவளுடைய ஆடுகள் ஒன்பது செத்துவிட்டன. அவளுக்குக் கையெல்லாம் புண். "ஒண்ணும் வராதுன்னு கையெழுத்துப் போட்டது உன் பழைய வீட்டுக்காரர்தானேடி?" என்று போனில் கேட்டாள்.

உங்கள் 2009 அறிக்கையைத் தேடிப் படித்தேன். சுரங்கக் கழிவுக் குட்டையிலிருந்து கசியும் நஞ்சைப் பத்தாயிரம் துகள்களாக்கி, நிலத்தடி நீரோட்டத்தோடு கணினியில் நடக்கவிட்டிருக்கிறீர்கள். நஞ்சு பரவுவதைக் காட்ட, ஒவ்வோர் அடியிலும் குலுக்கல் போட்டு அவற்றை இப்படியும் அப்படியும் விலக்கியிருக்கிறீர்கள். முறை சரி. ஒரு துகளும் கிணற்றை எட்டவில்லை, 'பூஜ்யம்' என்று எழுதிவிட்டீர்கள்.

அதே கணக்கை ஒரு கோடித் துகள்களோடு ஓட்டினேன். முந்நூற்றுப் பதினேழு கிணற்றுக்கு வந்தன. அவ்வளவு பெரிய குட்டையில் அந்தச் சிறு பங்கே கிணற்றை விஷமாக்கப் போதும்; பத்தாயிரம் மட்டும் விட்டால் அதில் ஒன்றுகூடக் கண்ணில் படாது.

ஏன் பத்தாயிரம்?

அய்தே


சாந்தியாகோ
19 மே 2016

அய்தே,

'திரு'வா? பதினோரு வருஷம் உன்னோடு குடும்பம் நடத்தியவனுக்கு நல்ல மரியாதை. உன் அக்காவுக்குக் கல்யாணத்தன்றிலிருந்தே என்னைப் பிடிக்காது. ஆடுகள் எதை மேய்ந்து செத்தனவோ, பழி மட்டும் எனக்கு.

உனக்குப் பல்கலைக்கழகத்தின் பெரிய கணினி இருக்கிறது. எனக்குக் கொடுத்தது ஐந்தே நாள். பத்து லட்சமும் ஓட்டிப் பார்த்தேன், போதுமா? இருபத்தொன்பது வந்தன. மேலாளர் பார்த்துவிட்டு, "இதையெல்லாம் எழுதினா அனுமதி கிடைக்குமா? பழைய கணக்கையே வைங்க" என்றார். வைத்தேன். நான் சம்பளக்காரன்.

இது நமக்குள் இருக்கட்டும். நீயும் இதே துறையில்தான் பிழைக்க வேண்டும், மறந்துவிடாதே.

ஒஸ்வால்தோ


லா செரேனா
2 ஜூன் 2016

ஒஸ்வால்தோ,

நீ அவசரத்தில் தவறிவிட்டாய் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். அக்காவிடமும் அப்படியே சொல்லி உனக்காகப் பேசினேன். என் புத்தி.

ஞாயிற்றுக்கிழமை போய் உன் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். கட்டுப்போட்ட கையோடு கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்போ தெரிஞ்சேதான்" என்றாள். எழுந்துபோய் லாரித் தண்ணீரில் எனக்குத் தேநீர் போட்டாள்.

உன் கடிதத்தின் அசலை நேற்று நீதிமன்றத்தில் புகாரோடு சேர்த்துக் கொடுத்துவிட்டேன். சம்மன் வரும். இனி எதையாவது விளக்க வேண்டுமானால் மிரேயாவுக்கு எழுது. எனக்கு எழுதாதே, பிரிக்க மாட்டேன்.

அய்தே