பார்க்காமல் எடுக்கும் படம்

தலைநகர், அக்கா வீடு
3 மார்ச் 1992

அன்புள்ள எமிலுக்கு,

நலம். இடுப்பு ஆபரேஷன் முடிந்த வெர்னா அக்கா நேற்று கம்பைப் பிடித்துக்கொண்டு குளியலறைவரை நடந்தாள். இன்னும் ஆறு வாரம் துணை வேண்டுமாம். அதுவரை நீ டப்பா சூப்பிலேயே காலத்தை ஓட்டுவாய் என்று தெரியும். நான் சமைத்து வைத்துவிட்டு வந்திருக்கிறேனே, ஃப்ரீசரைத் திறந்தாவது பார்த்தாயா?

போன செவ்வாய்க்கிழமை தியேட்டர்காரர்களுக்கான காட்சிக்குப் போனேன். கோடைக்கு வரும் அந்தப் பெரிய எரிமலைப் படம். எமில், நம் தியேட்டருக்கு இதை ஏலத்தில் கேட்டுவிடாதே. முக்கால் மணி நேரமாக எரிமலை வெடிக்கவே இல்லை. ரிப்லியில் தியேட்டர் வைத்திருக்கும் லைல் பிராண்ட் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தான். "டோரீன், இது வெடிக்கிறதுக்குள்ள நாம ரிட்டயர் ஆயிடுவோம்" என்று காதில் சொன்னான். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. நம் மாநிலச் சட்டம் மட்டும் இல்லையென்றால், ஹாலிவுட்காரர்கள் போஸ்டரை மட்டும் காட்டி இதை நம் தலையில் கட்டியிருப்பார்கள். முதலில் படத்தைக் காட்டு, பிறகு ஏலம் வை என்று சட்டம் எழுதிய புண்ணியவான் நன்றாக இருக்கட்டும்.

உடனே பதில் போடு.

அன்புடன்,
டோரீன்

லாரல் தியேட்டர், டன்பர்
9 மார்ச்

அன்புள்ள டோரீனுக்கு,

கடிதம் கிடைத்தது. லைல் பிராண்டுக்கு ஐந்து வரி. எனக்கு டப்பா சூப்.

காதில் சொன்னான் என்று எழுதியிருக்கிறாய். எவ்வளவு பக்கத்தில் வந்தால் காதில் சொல்ல முடியும்? நான் இருபத்தாறு வருஷமாகப் புரொஜக்டர் அறையில் நிற்பவன். மேலேயிருந்து பார்த்தால் யார் யார் பக்கம் சாய்கிறார்கள் என்பது நன்றாகவே தெரியும். அவன் மனைவியை இழந்தவன், நல்ல தொப்பி போடுகிறவன். எனக்கு வயிறு எரிகிறது, மறைக்க விரும்பவில்லை. அடுத்த மாதக் காட்சிக்கு நீ போகாமல் இருந்தால் என்ன?

நேற்று கோட் போட்ட ஓர் ஆள் வந்தான். படக் கம்பெனிகள் சார்பாக ஊர் ஊராகப் போகிறானாம். அந்தச் சட்டத்தையே நீக்க மசோதா வந்திருக்கிறதாம். "சட்டம் போனா இந்தக் காட்சியெல்லாம் இருக்காதா?"ன்னு கேட்டேன். "எதுக்கு சார் இருக்கணும்?"ன்னான். காபி கொடுத்து அனுப்பினேன்.

உன்,
எமில்

தலைநகர்
16 மார்ச்

அன்புள்ள பொறாமைக்காரனுக்கு,

அந்த அறை எப்படி இருக்கும் தெரியுமா? பதினாறு தியேட்டர்காரர்கள், ஆறிப்போன காபி, ஈரக் கோட்டு நாற்றம். காதல் செய்ய வேறு இடமா கிடைக்காது எனக்கு? ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. படம் முடிந்ததும் லைல், "உனக்கு என்ன தோணிச்சு?" என்று கேட்பான். நீ எத்தனை ரீல் என்று மட்டும்தான் கேட்பாய்.

கோட்காரனுக்குக் காபி கொடுத்தது போதும். ஏப்ரல் 14 அன்று அந்த மசோதா பற்றிச் சட்டசபைக் குழு எங்கள் கருத்தைக் கேட்கிறது. சட்டம் வேண்டும் என்று பேச என்னைத்தான் எல்லோரும் முன்னால் தள்ளியிருக்கிறார்கள். நீயும் வா. நீ கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாலே எனக்குப் போதும்.

டோரீன்

தலைநகர்
15 ஏப்ரல்

எமில்,

பதிலும் போடவில்லை, வரவும் இல்லை. காரணம் நேற்றுத்தான் தெரிந்தது.

நன்றாகத்தான் பேசினேன். சின்ன ஊரில் ஒரே திரை, ஒரு மோசமான படம் ஆறு வாரம் ஓடினால் கதவைச் சாத்த வேண்டியதுதான் என்றேன். தலையாட்டிக் கேட்டார்கள். பிறகு தலைவர் ஒரு கடிதத்தை எடுத்தார். "சின்ன தியேட்டர்காரர் ஒருத்தரே எழுதியிருக்காரே. படத்த முன்னாடியே பார்க்கணும்னு அவசியமில்ல, அது வெட்டி வேலைங்கிறார்." கீழே இருந்த பெயரையும் படித்தார். "ஏம்மா, உங்களுக்கு இவர் உறவா?"

"என் புருஷன்" என்றேன். அறையே சிரித்தது. லைல் மட்டும் சிரிக்கவில்லை.

ஒரே ஒரு ஓட்டில் மசோதா குழுவில் நிறைவேறியது. அந்த ஒரு ஓட்டு உன்னுடையது.

டோரீன்

டன்பர்
21 ஏப்ரல்

என் டோரீனுக்கு,

புத்தி கெட்டுத்தான் எழுதினேன். சட்டத்தைப் பற்றி நினைக்கவே இல்லை. உன் பக்கத்து நாற்காலியைப் பற்றித்தான் நினைத்தேன். காட்சி நின்றால் நீ அவனைப் பார்க்க மாட்டாய், அவ்வளவுதான் என் கணக்கு.

இலையுதிர்காலப் படத்துக்கு ஏலப் படிவம் வரும் என்கிறார்கள். எடுத்தால் ஆறு வாரம் ஓட்டியாக வேண்டுமாம். போஸ்டரில் ஒரு குதிரையும் ஒரு பெண்ணும் இருக்கிறார்கள். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. வெர்னாவுக்குக் குணமானதும் வந்துவிடு. உன் காலில் விழுகிறேன்.

எமில்

ரிப்லி
8 ஜூன்

அன்புள்ள எமில்,

வெர்னா கம்பில்லாமல் நடக்கிறாள். நான் டன்பருக்கு வரவில்லை. காரணத்தை எழுதிவிடுகிறேன், நீயாகக் கற்பனை செய்தால் இன்னும் மோசமாகிவிடும்.

சபையிலும் மசோதா நிறைவேறிவிட்டது, ஜூலை முதல் சட்டம் கிடையாது. தனித்தனியாகக் குருட்டு ஏலம் கேட்டால் எல்லோரும் அழிவோம் என்று பதினோரு தியேட்டர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறோம். பார்க்காத படத்தை மோப்பம் பிடித்து எடுக்க ஓர் ஆள் வேண்டும். என்னை நியமித்திருக்கிறார்கள். ஆபீஸ் லைலின் தியேட்டர் மாடியில். முன்பு அவனை மாதத்துக்கு இரண்டு மணி நேரம் பார்த்தேன். இனி திங்கள் முதல் வெள்ளிவரை பார்ப்பேன். உன் கடிதம் செய்த உபகாரம் இது. எங்களுக்குள் எதுவும் இல்லை. இருந்ததில்லை. இனி என்ன என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை.

லாரலும் சேரலாம். மற்றவர்களுக்கு இஷ்டமில்லை, நான்தான் கெஞ்சிச் சம்மதம் வாங்கினேன். படிவம் உள்ளே இருக்கிறது. குதிரைப் படத்தை எடுக்காதே.

டோரீன் ஹாவர்காம்ப்
படத் தேர்வாளர்

டன்பர்
13 ஜூன்

மதிப்புக்குரிய படத் தேர்வாளர் அவர்களுக்கு,

படிவத்தில் கையெழுத்திட்டு அனுப்பியிருக்கிறேன். குதிரைப் படம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இனி நீங்கள் சொல்லும் படத்தையே லாரல் ஓட்டும்.

சங்கத்து உறுப்பினன் என்ற முறையில் ஒன்றே ஒன்று கேட்க அனுமதி வேண்டும். அந்த மாடியில் உங்கள் இருவருக்கும் ஒரே அறையா, தனித்தனியா?

எமில் ஹாவர்காம்ப்