யூரிக் ஆசிட்டைக் காவலுக்கு வைத்த அண்ணனுக்கு

பாசமுள்ள அண்ணே,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. உன்னை நினைத்து அழ உட்கார்ந்தால் எனக்குக் கோபம்தான் முந்திக்கொண்டு வருகிறது. அதை வேறு யாரிடம் போய்ச் சொல்ல?

நம் அப்பாவை நடுக்குவாதம், அந்தப் பார்க்கின்சன் நோய், படுத்திய வருஷமெல்லாம் கூடவே இருந்து பார்த்தவன் நீ. புளியறை செக்போஸ்டில் டூட்டி முடிந்து வடகரை வீட்டுக்கு வந்ததும், காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் அவருக்குச் சோறு ஊட்டுவாய். சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் அவர் அழுத அன்று, நீ வீட்டுக்குப் பின்னால் போய் நின்றதை நான் பார்த்தேன். நமக்கும் இது வந்துவிடுமோ என்ற பயம் அன்றைக்கே உனக்குள் புகுந்திருக்க வேண்டும். ஏன் ஒருநாளும் சொல்லவில்லை?

பிறகு உன் கால் பெருவிரல் வீங்கியது. யூரிக் ஆசிட் கூடியதால் வந்த கவுட் என்றார் தென்காசி டாக்டர். தினமும் ஒரு மாத்திரை, நிறுத்தவே கூடாது என்றார். ஒழுங்காகத்தான் போட்டுவந்தாய். யாரோ உன் போனுக்கு அந்தச் செய்தியை அனுப்பும்வரை. யூரிக் ஆசிட் கூடுதலாக இருப்பவர்களுக்கு நடுக்குவாதம் வருவது குறைவாம்.

“பாத்தியாட்டி, அப்பாவுக்கு வந்தது எனக்கு வராது. இந்த விரல் வலிதான் எனக்குக் காவலு” என்று போனை நீட்டினாய்.

நான் சிரித்தேன், அண்ணே. அதை மறைத்து இந்தக் கடிதத்தை எழுத முடியாது. நீ மாத்திரையையே நிறுத்திவிடுவாய் என்று எனக்குத் தோன்றவில்லை.

வலி வந்தபோதெல்லாம் மெடிக்கலில் வலி மாத்திரையாக வாங்கி விழுங்கினாய். சாரல் நேரத்தில் எல்லோரும் குற்றாலம் போனபோது, ஐந்தருவியில் குளிக்க இறங்காமல் வேனிலேயே இருந்துகொண்டாய். நான் டீ கொண்டுவந்தேன். வாங்கிய உன் வலது கை நடுங்கியது. கிளாஸை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, காற்று குளிருகிறது என்றாய். டாக்டரிடம் போவோம் என்று சொன்னதற்காக இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை.

அடுத்த சாரலை நீ பார்க்கவில்லை. கவனிக்காமல் விட்ட யூரிக் ஆசிட்டும் அந்த வலி மாத்திரைகளும் சேர்ந்து சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டன என்றார்கள். டயாலிசிஸ் உனக்கு நான்கு மாதம்தான் தந்தது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, பீரோவில் உன் வேட்டிகளுக்கு அடியில் இருந்து பிரிக்காத கவுட் மாத்திரை அட்டைகளை மதினி எடுத்துக் காட்டினார்கள். “யார்ட்டயும் சொல்லிராத. தானா சாவைத் தேடிக்கிட்டாருன்னு பேசுவாவ” என்றார்கள். சொல்லமாட்டேன் என்றேன்.

ஆனால் மனசு கேட்கவில்லை. திருநெல்வேலியில் ஒரு நரம்பு டாக்டரைப் பார்த்து, உன் போனுக்கு வந்த சேதி மெய்தானா என்று கேட்டேன். சில ஆராய்ச்சிகளில் அப்படித் தெரிந்தது உண்மைதான், வேறு சிலவற்றில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை என்றார். நடுக்குவாதக்காரர்களுக்கு யூரிக் ஆசிட்டை வேண்டுமென்றே ஏற்றிப் பார்த்தும் நோயின் வேகம் குறையவில்லையாம். அதை நம்பிக் கவுட் மாத்திரையை நிறுத்தலாம் என்று எந்த டாக்டரும் சொல்லமாட்டார் என்றார். உன் கை நடுங்கியது அந்த நோயால்தானா என்று கேட்டேன். பார்க்காத ஆளைப் பற்றி எப்படிச் சொல்வது என்றார். யாருக்கோ பொதுவாகச் சொன்ன பாதிச் சேதியை உனக்கென்று எழுதித் தந்த உத்தரவாதமாக எப்படி எடுத்துக்கொண்டாய்? என்னிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

போன வாரம் உன் மகன் பட்டாளத்திலிருந்து போன் பண்ணினான். அவனுக்கும் பெருவிரல் வீங்கியிருக்கிறது. மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், இன்னும் பிரிக்கவில்லை. “அத்தை, அந்த ஆசிட்டு உடம்புல இருந்தா நல்லதுன்னு அப்பா சொல்லுவாவளே” என்றான்.

மதினிக்குக் கொடுத்த வாக்கு அங்கேயே போயிற்று. அட்டைகளைப் பற்றி, வலி மாத்திரை பற்றி, டாக்டர் சொன்னது பற்றி, ஒன்றுவிடாமல் சொன்னேன்.

“அப்ப அப்பா வேணும்னே விட்டாவளா?”

“பயந்துபோய் விட்டாவ, ஐயா” என்றேன்.

அன்றைக்கே போட ஆரம்பித்துவிட்டான். மதினியிடமும் போய் ஒத்துக்கொண்டு, நாலு பேர் படிக்க இதை எழுதட்டுமா என்றும் கேட்டேன். இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் வந்து, “எழுதணும்னா எழுது, இன்னொரு வீட்டுல இப்படி நடக்காண்டாம்” என்றார்கள். அதனால்தான் இது ஊர் படிக்கிற கடிதமாயிற்று.

உன் மேல் உள்ள கோபம் ஆறிவிடும் என்று வாக்குத் தரமாட்டேன். உன் பிள்ளை பயந்தால் அந்தப் பயத்தை முதலில் என்னிடம் சொல்லும்படி இருப்பேன். அதற்கு மட்டும் வாக்குத் தருகிறேன்.

சிரித்துத் தொலைத்த
உன் தங்கச்சி