காற்றுக்குத் திரும்பாத கை

ஜூன் 9, காலை

மேல்மாடிக்காரருக்கு,

நான் நலம். உங்கள் நலத்தை விசாரிக்கும் மனநிலையில் இப்போது இல்லை. பிறகு கேட்டுக்கொள்கிறேன்.

இன்று எழுந்ததும் முதல் வேலையாக ஜன்னலைத் திறந்தேன். இரவெல்லாம் நல்ல காற்று. கொடியில் போட்டிருந்த என் துப்பட்டா பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிமேல் கிடந்தது. உங்கள் வேலைத்தளத்தில் நிற்கும் மூன்று கிரேன்களில் இரண்டு, காற்று தள்ளிய பக்கம் திரும்பி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தன. நீங்கள் ஓட்டுவது மட்டும் அசையவில்லை. நீளக் கையை நீட்டிக்கொண்டு நேராக என் ஜன்னலைப் பார்த்தபடி நின்றது.

நேற்றும் அப்படித்தான் நின்றது, முந்தாநாளும். அந்த இரண்டு நாள் காலையிலும் நான் என்ன செய்தேன் தெரியுமா? டீயை எடுத்துக்கொண்டு வந்து ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டேன். கல்யாணமான புதிதில், அந்த ஒற்றை அறை வீட்டு மொட்டைமாடியில் நான் துணி எடுக்கும் நேரம் பார்த்து, வேலை முடிந்து இறங்குவதற்கு முன் ஒரு தடவை கிரேனை நம் வீட்டுப் பக்கம் திருப்பிக் காட்டுவீர்கள். கீழே நிற்கும் சிக்னல்காரர் வாக்கி டாக்கியில் கத்துவார்: "அண்ணே, அண்ணிக்கு வணக்கம் வச்சாச்சுல்ல? பிரேக்கை விட்டுட்டு எறங்குங்க, பசிக்குது!"

நீங்களும் பிரேக்கை விடுவித்துவிட்டுத்தான் இறங்குவீர்கள். ஆள் இல்லாத நேரத்தில் கை காற்றின் போக்கில் தானாகத் திரும்பிக்கொள்ள வேண்டும். பூட்டி வைத்தால் கிரேன் காற்றோடு மல்லுக்கட்டும். மல்லுக்கட்டினால் ஒரு நாள் அடியோடு சாயும். இதைப் போய் நான் உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன் பாருங்கள்.

இத்தனை வருடம் கழித்து அதே வணக்கம் என்று நினைத்துவிட்டேன். இரண்டு நாளும் காற்றே இல்லை, அதனால் எனக்கு உறைக்கவில்லை. இன்றைக்குத்தான் புத்தி வந்தது. எனக்குக் காட்டுவதற்காகப் பூட்டிவிட்டு இறங்கியிருக்கிறீர்கள். அந்தக் கிரேனுக்குக் கீழே தகரக் கொட்டகையில் எத்தனை குடும்பம் தூங்குகிறது? இந்த வயதில் இது என்ன விளையாட்டு?

உங்கள் தள அலுவலகத்துக்குப் போன் செய்து, நான் வந்து பார்க்கும்வரை அந்தக் கிரேனை யாரும் இயக்கக்கூடாது, கொட்டகையைக் காலி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டேன். அது ஆய்வாளராக நான் சொன்னது. இந்தக் கடிதம் வேறு. நாம் போனில் பேசினால் சண்டைதான் வருகிறது, எழுதித் தொலையுங்கள் என்று நம் மகள் போட்ட சட்டப்படி எழுதி, வாசல் காவலாளியிடம் கொடுக்கிறேன்.

கோபத்துடன்,
எதிர் ஜன்னல்

•

ஜூன் 9, மாலை

இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு,

நான் பூட்டவில்லை.

முதலில் அதை எழுதிவிட்டேன். இனி நிதானமாக எழுதுகிறேன். இருபது வருடத்துக்கு மேல் கேபினில் உட்கார்ந்தவன், ஜன்னலில் ஒரு பெண் டீ குடிக்கிறாள் என்பதற்காகக் கிரேனைப் பூட்டிவிட்டு வருவேனா? நான் என்ன விடலைப் பையனா? எதிர்க் கட்டடத்தில் நீ குடிவந்து ஒரு மாதம் ஆகிறது. ஒரு தடவையாவது கீழே வந்து "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டதில்லை. கிரேன் திரும்பினால் மட்டும் உடனே உனக்காகத்தானா?

பிரேக்கை விடுவிக்கும் நெம்புகோலை மூன்று நாளும் தள்ளிவிட்டுத்தான் இறங்கினேன். உள்ளே ஏதோ சிக்கியிருக்கிறது. நாளைக்கு மெக்கானிக் திறந்து பார்க்கிறார். நீயும் வந்து பார்.

இங்கே எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். போர்மேன் என்னைப் பார்த்து, "யாருய்யா அந்தம்மா? ஜோசியம் பாக்குறாங்களா, வீட்டுல இருந்தே கோளாறு கண்டுபுடிக்கிறாங்க?" என்கிறார். என்னவென்று சொல்வது?

தண்ணீர்த் தொட்டிமேல் கிடந்த துப்பட்டா பச்சை நிறம்தானே? அங்கேயே விட்டுவிடாதே, மழை வரும் போலிருக்கிறது.

இப்படிக்கு,
மேல்மாடி

•

ஜூன் 11

மேல்மாடிக்காரருக்கு,

நேற்று உங்களுக்குப் பின்னால் கிரேனின் அத்தனை படிகளையும் ஏறியபோது எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு கோளாறைப் பார்த்து மனசுக்குள் கோட்டை கட்டியிருக்கிறேன். அதைக் கடிதத்திலும் எழுதித் தந்துவிட்டேன். நல்லவேளை, நீங்கள் சிரிக்கவில்லை.

படிகளுக்கு இடையில் ஒரு இரும்புத் தட்டில் நான் நின்றபோது மட்டும் சிரித்தீர்கள்.

"மூச்சு வாங்குதா?"

"இல்ல, போல்ட்டைப் பாக்குறேன்."

"இவ்வளவு நேரமா ஒரே போல்ட்டையா?"

முதன்முதலில் பயிற்சிக்கு வந்த நாளிலும் நான் அப்படித்தான் ஒரு தட்டில் நின்றேன். அன்றும் நீங்கள் அவசரப்படுத்தாமல், வேறெங்கோ பார்ப்பதுபோல் காத்துக்கொண்டு நின்றீர்கள். உங்களைப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான் என்று இதுவரை சொன்னதில்லை. பயிற்சி முடியும்வரை தினமும் ஏதாவது ஒரு போல்ட்டைப் பார்க்க ஏறிவந்தேன். சாப்பாட்டு நேரத்தில் உங்கள் தூக்குச்சட்டி கயிற்றில் ஆடிக்கொண்டே மேலே வரும். நீங்கள் மூடியில் எனக்குப் பாதியைப் போட்டுவிட்டுக் கண்ணாடி வழியாக ஊரைக் காட்டுவீர்கள். அந்த உயரத்தில் இருந்து பார்த்தால் எல்லா வீடும் நமக்கு வாடகைக்குக் கிடைத்துவிடும் போலத் தோன்றும்.

சரி. வேலைக்கு வருகிறேன். பிரேக்கை விடுவிக்கும் கம்பி துருவேறி உறையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. புதிது போட்டாகிவிட்டது. பாரத்தை ஒரு சாண் தூக்கி நிறுத்திப் பார்த்தோம், கையைச் சுற்றிவிட்டுப் பார்த்தோம். எல்லாம் சரி. ஆனால் நான் கீழே இறங்கியதும் மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கம்பி இப்படி ஒட்டிக்கிட்டா நெம்புகோல் தொளதொளன்னு ஆடும் மேடம். புதுசா வந்தவனுக்கு வேணா தெரியாது. அண்ணனுக்குக் கையில பட்டதுமே தெரிஞ்சிருக்கும்."

நான் அறிக்கை எழுத வேண்டும். அதனால் கேட்கிறேன். உங்களுக்குத் தெரியுமா?

தெரியாது என்று எழுதினால் நம்பிவிடுவேன். நம்பிவிடுவேன் என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

எதிர் ஜன்னல்

•

ஜூன் 12

இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு,

தெரியும்.

முதல் நாள் மாலையே தெரியும். நெம்புகோல் பாரமில்லாமல் வந்தது. மெக்கானிக்கைக் கூப்பிட வாக்கி டாக்கியை எடுத்துவிட்டேன். அப்போது கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கிரேன் கை நீண்டு போய் முடிகிற இடத்தில் உன் மொட்டைமாடி. நீ துணி எடுத்துக்கொண்டிருந்தாய். ஒவ்வொன்றாக உதறி, தோளில் போட்டு. உதறுகிற விதம் மாறவே இல்லை.

காற்று இல்லையே, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இறங்கிவிட்டேன். மறுநாளும் அதே சமாதானம். பூட்டவில்லை என்று நான் எழுதியது பொய் இல்லை. ஆனால் திறக்கவும் இல்லை. எட்டாம் தேதி இரவு காற்று கிளம்பியதும் கொட்டகையில் எழுந்து உட்கார்ந்தேன். பக்கத்தில் எல்லோரும் தூங்குகிறார்கள். ஏறிப்போக முடியாது, எழுப்பவும் வாய் வரவில்லை. விடியும்வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டே கிடந்தேன். உன் போன் வராமல் இருந்திருந்தால் காலையில் நானே சொல்லியிருப்பேன். இதை நீ நம்ப வேண்டியதில்லை.

நாம் பிரிந்த அந்த வருடம், இரும்புக் கயிற்றில் இழை அறுந்திருக்கிறது என்று நீ என் கிரேனை நிறுத்தினாய். ஆட்களுக்கு வேலை போயிற்று. அத்தனை பேர் முன்னால் நான், "கட்டுனவளே கழுத்தறுத்துட்டா" என்றேன். நீ மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாய். இழை அறுந்திருந்தது எனக்கும் தெரியும். நீ செய்தது சரி என்று அன்று இரவே தெரியும். சொல்லத்தான் வரவில்லை.

இந்தத் தடவை சண்டை போட மாட்டேன். எழுத வேண்டியதை எழுது.

மேல்மாடி

•

ஜூன் 14, மாலை

அன்புள்ள மேல்மாடிக்காரருக்கு,

உங்கள் கடிதத்தை நேற்று முழுவதும் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். மூன்று தடவை அறிக்கையை ஆரம்பித்தேன். ஒரு தடவை "ஓட்டுநர் கவனிக்கவில்லை" என்று எழுதிப் பார்த்தேன். எவ்வளவு சுலபமாக எழுத வந்தது! கிழித்துப் போட்டேன். அடுத்த தடவை "தெரிந்தே விட்டுவிட்டார்" என்று எழுதினேன். அது உண்மை. ஆனால் அதற்குக் கீழே கையெழுத்துப் போடப் பேனா ஓடவில்லை. நீங்கள் மேலே இருந்து பார்த்ததை நான் கீழே இருந்து இரண்டு நாள் காலையிலும் பார்த்தேன். பார்த்துக்கொண்டே டீ குடித்தேன். கிரேனைப் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

உங்களுக்கு வருத்தமாக இருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். இதை மறைக்க முடியாது. அந்தக் கொட்டகை வழியாக நேற்று நடந்து வந்தேன். கொட்டகைக்குத் திரும்பி வந்திருந்த ஒரு பெண் கல் கூட்டி அடுப்புப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். காலி செய்யச் சொன்னதற்கு என்மேல் அவளுக்குக் கோபம். "எங்களைத் தூக்கிப் போடத்தான் வர்றீங்க" என்றாள். நாம் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் அந்தக் கைக்குக் கீழே தூங்கியிருக்கிறாள்.

பழைய இடத்தில் இல்லாத ஒரு விதி இந்த அலுவலகத்தில் உண்டு. சொந்தக்காரர் ஓட்டும் கிரேனை நாங்கள் ஆய்வு செய்யக்கூடாது. இங்கே சேர்ந்தபோது குடும்பத்தில் யார் யார் என்று கேட்டார்கள். மகள் என்று மட்டும் சொன்னேன். அதனால்தான் உங்கள் தளம் என் பொறுப்பில் வந்தது.

நாளைக் காலை மேலதிகாரியைப் பார்க்கப் போகிறேன். ஓட்டுநருக்குத் தெரிந்திருந்தது, எனக்கும் தெரிந்திருக்க வேண்டும், இரண்டையும் சொல்வேன். வேறு ஆளை அனுப்பி முதலிலிருந்து பார்க்கச் சொல்வேன். வருகிறவர் ஒரு நட்டுக்குக்கூட இரக்கம் காட்டாதவர். உங்களை எத்தனை மாதம் கீழே உட்கார வைப்பார்களோ தெரியாது. என்னைக் கொஞ்ச காலம் மேசையில் கட்டிப் போடுவார்கள். இரண்டு பேருக்கும் தரையில் கால் பாவட்டும்.

இத்தனைக்கும் பிறகு அவர் ஒரு கேள்வி கேட்பார். அந்த ஓட்டுநர் உங்களுக்கு என்ன உறவு என்று. தெரிந்தவர் என்று சொல்லலாம். முன்பு கணவராக இருந்தவர் என்றும் சொல்லலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். நேற்று இரவு எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தேன்.

என் கணவர் என்று சொல்லப் போகிறேன். மகளிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

அன்புடன்,
நான்