அலை கொண்டுபோன செருப்பு

அன்புள்ள பிரேமாவுக்கு,

நான் சுகம். உன் இடுப்புவலி குறைந்ததா?

நேற்று ஹோட்டல் கட்டும் கம்பெனிக்காரர்களும் சர்க்கார் அதிகாரிகளும், கடலிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்டுவது என்று கடற்கரையிலேயே பேச்சுவார்த்தை நடத்தினார்கள். அது முறிந்திருந்தால் எங்களுக்கு வேலை இல்லை.

"அலை இவ்விடம் வராது, சாரே" என்று கம்பெனி எஞ்சினியர் காட்டிய இடத்தில் டேப் பிடித்தேன். முதல் அளவுக்குச் செருப்புக்காலோடு நிற்க மாட்டேனே, கழற்றி வைத்திருந்தேன். பேசிக்கொண்டிருக்கும்போதே அலை வந்து ஒன்றை இழுத்துப்போய்விட்டது.

அதிகாரி சிரித்தார். "கண்டோ? முப்பதடி பின்னாடி போணும்."

கம்பெனி மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டது. திங்கட்கிழமை வேலை தொடங்குகிறோம், கவலைப்படாதே.

என்னோடு வேலை செய்யும் வீரபாண்டி ஞாயிறன்று ஊருக்கு வருகிறான். அவனிடம் ஒரு ஜோடி செருப்பு கொடுத்துவிடு. இங்கேயும் கிடைக்கும்தான், ஆனால் நீ எடுத்ததுதான் எனக்குக் கடிக்காது.

புது இடத்தை அளக்கச் சைட்டில் கூப்பிடுகிறார்கள். மிச்சமிருக்கும் ஒற்றைச் செருப்பைத் தலைமாட்டில் வைத்திருக்கிறேன்.

உன்,
வன்னியராஜ்